ஆமத்தூரில் கிடைத்த ஸ்கூட்டர்

ஆமத்தூரில் டயர் பஞ்சராகிப் பேருந்து நிற்கிறது. நான் வெம்பக்கோட்டைக்காரி. பேச்சுச் சத்தத்தைவிடக் கொக்குகளின் சத்தம் அதிகம் கேட்கும் அணைக்கரை வீடு. நாளை சென்னையில் ஒரு பள்ளியில் ஆசிரியையாகச் சேர வேண்டும். விருதுநகரில் ரயில் எனக்காகக் காத்திருக்காது.

சூட்கேசுடன் நான் தவிப்பதைப் பார்த்து, வெள்ளைச் சீருடையில் வந்த ஒரு நர்ஸ் ஸ்கூட்டரை நிறுத்துகிறார்.

"ஸ்டேஷனுக்கா? நானும் விருதுநகருக்குத்தான் போறேன். ஏறுங்க."

பட்டாசு லோடு ஏற்றிய லாரிகளை ஒவ்வொன்றாக முந்துகிறார். சூட்கேசை மடியில் இறுக்கிக்கொள்கிறேன்.

"சென்னைக்குத் தனியாவா போறீக?"

"ஆமாக்கா. இதுதான் முதல் தடவை."

"பயமா இருக்கா?"

"காலையிலேருந்து இருந்துச்சு. உங்க வண்டியில ஏறுனதும் அம்புட்டும் மறந்துபோச்சு. உசிரோட ஸ்டேஷன் போய்ச் சேந்தாப் போதும்க்கா."

அவர் சிரித்த சிரிப்பில் வண்டி ஒருமுறை ஆடி நேராகிறது. மிளகாய் மண்டிகளின் நெடி மூக்கில் ஏறுகிறது, விருதுநகர் வந்துவிட்டது. நடைமேடையில் ரயில் நிற்கிறது. சூட்கேசை ஏற்றித் தந்துவிட்டு ஜன்னலருகே வருகிறார்.

"ஒண்ணுக்கும் பயப்படாதீக. சென்னை டிராபிக்ல எவனாலயும் இம்புட்டு வேகமாப் போக முடியாது."

ரயில் நகர்கிறது. எதிரில் இருப்பவர் ஏறிட்டுப் பார்க்கிறார். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.