சைஃபின் சின்னத் துப்பாக்கியும் என் மணிக்கட்டும்

ராஸ் அல் கைமாவில் ஒரு துப்பாக்கி சுடும் கிளப்பில், துப்பாக்கிகளைத் துடைத்து எண்ணெய் போடுவது என் டூட்டி. யாரும் சொல்லித் தரவில்லை. நானே கழற்றிப் பூட்டிக் கற்றது. அதனாலோ என்னவோ, என் பேச்சுக்கு அங்கே மதிப்பில்லை.

காலித், சைஃப் என்று இரண்டு அரபுச் சகோதரர்கள் வருவார்கள். அண்ணன் காலித், இடுப்பில் செருகும் சின்னத் துப்பாக்கி தனக்கு ஒன்றும் தம்பிக்கு ஒன்றுமாக ஒரே மாடலில் வாங்கியிருந்தார். அவருடையதில் தோட்டா சிக்கியதே இல்லை. தம்பியுடையதில் எப்போதும் சிக்கும்.

"நீங்க அரபுக் காபி குடிக்கிற காவா கப்பைப் பிடிக்கிற மாதிரி லேசாப் பிடிக்கிறீங்க. சின்னத் துப்பாக்கிக்கு மணிக்கட்டு தளரக் கூடாது, தளர்ந்தா தோட்டா சிக்கும்" என்று சைஃபிடம் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன்.

என்னை அவர்கள் 'சாச்சா', அதாவது சித்தப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். இன்று சைஃப், "கலாஸ் சாச்சா, போதும், கடையிலேயே திருப்பிக் கொடுத்திடறேன்" என்றார். காலித்தின் முகம் வாடிவிட்டது.

எனக்குப் பொறுக்கவில்லை. "ரெண்டு பேரும் மாத்திச் சுடுங்க" என்றேன்.

தம்பியின் துப்பாக்கி அண்ணன் கையில் ஒழுங்காகச் சுட்டது. அண்ணனுடையது தம்பி கையில் சிக்கியது.

"பார்த்தீங்களா?"

"அப்போ நீங்க சுடுங்க சாச்சா" என்று காலித் தன்னுடையதை நீட்டினார். கிளப் பொறுப்பாளரும் சரி என்று தலையாட்டினார்.

முதல் தோட்டா போனது. இரண்டாவது சிக்கிக்கொண்டது.

"சாச்சா, காவா கப்பு!" என்று சைஃப் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து என் தோளில் கைபோட்டு, "திருப்பிக் கொடுக்கல. நாம ரெண்டு பேரும் சேர்ந்தே பழகுவோம்" என்றார். காலித் முகத்தில் சிரிப்பு வந்தது.

இப்போதும் சொல்கிறேன். சைஃபுக்குச் சிக்கியது கையின் குற்றம். எனக்குச் சிக்கியது துப்பாக்கியின் குற்றம்.

மறுப்பவர்கள் கீழே எழுதலாம். நானும் விடப்போவதில்லை.