டீச்சர் வீட்டுப் பேயின் வருகைப் பதிவேடு

என் கொழுந்தன் இதுவரை நாற்பத்தேழு பேய்களை விரட்டியிருக்கிறார். நாற்பத்தேழையும் நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

சரி, நாற்பத்தேழு கொஞ்சம் கூடுதல்தான். விரல் விட்டு எண்ணினால் நான்கு தேறும். அதில் ஒன்று காலித் தண்ணீர்த் தொட்டிக்குள் மாட்டிக்கொண்ட பூனை. இன்னொன்று பரண்மேல் கிடந்த பழைய ரேடியோ. மீதி இரண்டில் ஒன்றைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். அதைச் சொன்னால் அந்த மனிதரைப் பற்றிப் பாதிக்கு மேல் சொன்ன மாதிரி.

அவர் தொழில் வயரிங். ஊரில் அவருக்குப் ‘பவுடர்’ என்று பெயர். சுவருக்குள் புதைத்திருக்கும் பைப்பில் புது வயரை இழுக்கும்போது அது வழுக்கிக்கொண்டு போக, முகத்துக்குப் போடும் பவுடரைப் பைப்புக்குள் கொட்டுவார். வேலை முடிந்து வீட்டுக்கு வரும்போது பெண் பார்க்கப் போய்விட்டு வந்தவரைப் போல மணப்பார். கல்யாணமான புதிதில் என் ஓரகத்தி அந்த வாசனைக்காக ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. பிறகு அவளே ஏணியைப் பிடிக்கக் கூடப் போனாள், விஷயம் தெளிந்தது.

அவருடைய பெருமையெல்லாம் ஒன்றே ஒன்றில்தான் இருந்தது. சுவரை உடைக்காமல் வேலை செய்வார். தொழிலுக்கு வந்த முதல் வருடம், மேஸ்திரி காட்டிய இடத்துக்கு ஒரு முழம் தள்ளி உளியை வைத்து அடித்திருக்கிறார். சுவர் பொத்துக்கொண்டு, அந்தப் பக்கத்து அறையில் சவரம் செய்துகொண்டிருந்த வீட்டுக்காரரின் முகம் தெரிந்ததாம். பாதி முகத்தில் நுரை. “வாசல் வழியா வந்திருக்கலாமே” என்றாராம் அவர். (கடைசி வரி என் கைச்சரக்கு. மற்றதெல்லாம் உண்மை.) அன்றைக்கு அந்த வீட்டம்மா படுக்கையெல்லாம் உதறிக் காரைத்தூளை அள்ளியதை இவர் மறக்கவில்லை. அதன்பின் உளி அவருடைய பையில் அடியில் கிடந்தது. எங்காவது ஒரு பழைய பைப் கிடைத்தால் போதும், நீளமான ஸ்பிரிங் கம்பியை நுழைத்து, பவுடரைக் கொட்டி, வயரை இழுத்துவிடுவார்.

எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு டீச்சர் தனியாக இருந்தார். முப்பத்தோரு வருடம் கணிதம் நடத்தி ஓய்வு பெற்றவர். ஒரே வீடாக இருந்ததை அவருடைய கணவரும் மைத்துனரும் பாகம் பிரித்துக்கொண்டபோது, நடுவே ஒரு சுவர் எழுந்தது; வீட்டுக்கொன்றாக இரண்டு மின்சார மீட்டர் வந்தது. வயரிங்கைப் பிரித்துக் கொடுத்தது என் கொழுந்தன்தான். இரண்டே நாளில் முடித்தார். ஒரு கரண்டிக் காரைகூட உதிரவில்லை என்று டீச்சர் தெரு முழுக்கச் சொன்னார். அது நடந்து இருபத்திரண்டு வருடம் ஆகியிருந்தது. டீச்சரின் கணவர் போய்விட்டார். மைத்துனர் பாகத்தில் ஒரு நர்ஸ் வாடகைக்கு இருந்தார்.

வெளியூரில் வேலை பார்க்கும் மகன் ஒரு தடவை வந்தபோது, அம்மாவுக்கு மின்சாரம் மிச்சமாகட்டும் என்று பழைய குண்டு பல்புகளையெல்லாம் கழற்றிவிட்டு எல்.ஈ.டி. பல்பு மாட்டிவிட்டுப் போனான். அவன் போன ஒரு வாரத்தில் ஆரம்பித்தது.

மாடிப்படியின் உச்சியில் ஒரு விளக்கு. அதன் சுவிட்ச் கீழே, அடுப்படி வாசலில். சுவிட்ச் அணைந்திருக்கும்போதே அந்த விளக்கு மங்கலாக எரிய ஆரம்பித்தது, நிறையத் தண்ணீர் ஊற்றிய பால் நிறத்தில். கொஞ்ச நேரத்தில் சுவருக்குள்ளிருந்து “டொக்” என்று ஒரு சத்தம். அப்புறம் “டொக் டொக்”. அரை மணி போனால் இரண்டும் அடங்கிவிடும். சில நாள் காலையில் வரும், சில நாள் மத்தியானம் வரும். மின்வாரியத்து ஆள் ஒருவர் வந்தார். அவர் இருந்தவரை விளக்கும் சுவரும் பரம சாதுவாக இருந்தன. “எல்லாம் நல்லாத்தாம்மா இருக்கு” என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

எதிர்வீட்டு அம்மா டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு, “சார்தான் உங்களப் பாக்க வர்றாரோ என்னமோ” என்று கண் கலங்கினார்.

“அவரா?” என்றார் டீச்சர். “உயிரோட இருந்தவரைக்கும் லைட்ட அணை லைட்ட அணைன்னு உயிர எடுத்தவரு. வந்தா அணைச்சுட்டுல்ல போவாரு!”

டீச்சர் பயப்படவில்லை. ஒரு பழைய வருகைப் பதிவேட்டை எடுத்து, அந்தப் பேய்க்கு வருகை போட ஆரம்பித்தார். தேதி, வந்த நேரம், போன நேரம். சத்தம் உண்டென்றால் ஒரு புள்ளி. வராத நாளில் சிவப்பு மையில் ‘வரவில்லை’.

அவர் பயந்தது வேறொன்றுக்கு. மகனிடம் போனில் சொன்னபோது முதல் தடவை அவன் சிரித்தான். இரண்டாம் தடவை பேசாமல் கேட்டுக்கொண்டான். மூன்றாம் தடவை, “அம்மா, மாத்திரையெல்லாம் ஒழுங்கா போடுறீங்களா?” என்றான். அடுத்த வாரம் மறதி நோய் பார்க்கும் டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டான். அவன் வீட்டில் அம்மாவுக்கு ஓர் அறையும் ஒழித்தாயிற்று. சனிக்கிழமை வந்து கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. வீட்டைப் பூட்டிவிட வேண்டியதுதான்.

“பேய்னா எனக்கென்ன பயம்? எட்டாங்கிளாசயே மேய்ச்சவ நான்” என்றார் டீச்சர் என்னிடம். “என் பையன் என்கிட்ட மெதுவா, நிறுத்தி நிறுத்தி, பாசமா பேச ஆரம்பிச்சுட்டான் பாருங்க. அதுதான் பயமா இருக்கு. இங்கேருந்து ஒரு தடவ கூட்டிட்டுப் போயிட்டான்னா நான் திரும்பி வரமாட்டேன்.”

என் கொழுந்தன் அப்போது ஒரு பள்ளிக்கூடக் கட்டட வேலைக்காக வெளியூரில் இருந்தார். சனிக்கிழமை மத்தியானம் பஸ்ஸைவிட்டு இறங்கியவரை, சாப்பிடக்கூட விடாமல் இழுத்துக்கொண்டு போனேன். டீச்சர் வீட்டுக் கூடத்தில் இரண்டு பெட்டிகள் கட்டித் தயாராக இருந்தன. மகன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“அங்கிள், அஞ்சு மணிக்கு எங்களுக்கு வண்டி. உங்களுக்கு எதுக்குச் சிரமம்?” என்றான். மரியாதையான பையன். மரியாதையாகவும் ஒரு கதவைச் சாத்தலாம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

கொழுந்தன் விளக்கைப் பார்க்கவில்லை, சுவிட்சைத் தொடவில்லை. பதிவேட்டை வாங்கிப் பெட்டிமேல் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது.

“என்ன, பரீட்சைக்கா படிக்கிறீங்க?”

“அண்ணி, இந்தப் பேய் ஷிப்ட் பாக்குது.”

“என்னது?”

“இங்க பாருங்க. இந்த வாரம் முழுக்கக் காலைல எட்டே முக்கால், எட்டு நாப்பது. அடுத்த வாரம் மத்தியானம் மூணு, மூணேகால். அதுக்கடுத்த வாரம் திரும்பவும் எட்டே முக்கால். வியாழக்கிழமையானா லீவு. எந்தப் பேய்ங்க வாராவாரம் லீவு எடுக்கும்?”

டீச்சரும் நானும் ஒரே நேரத்தில் நடுச்சுவரைப் பார்த்தோம். தெருவிலேயே ஷிப்ட் பார்ப்பவர் ஒருவர்தான். மூன்று மணியாக இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

பக்கத்து வீட்டுக்கு என்னை அனுப்பினார்கள். நர்ஸ் அப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“சிஸ்டர், குளிச்சிட்டீங்களா?”

அவர் சட்டையின் தோளை முகர்ந்து பார்த்துக்கொண்டார். “ஏன் ஆன்ட்டி, அவ்ளோ தூரத்துக்கா அடிக்குது?”

காரணத்தைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு அவரே என்னைக் குளியலறை ஹீட்டரின் சுவிட்ச் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கொழுந்தனின் குரல் வந்தது.

“போடுங்க அண்ணி!”

போட்டேன்.

“அணைங்க!”

அணைத்தேன். இப்படி முப்பது தடவை. நர்ஸிடம் கேட்டால் ஆறு என்பார். கடைசியாக ஒரு “போடுங்க” வந்தது. அதன்பின் சத்தமே இல்லை. நான் சுவிட்சுக்குக் காவலாக நின்றேன். நர்ஸ் எனக்கு ரத்த அழுத்தம் பார்த்தார். பத்து நிமிடம் ஆகியும் “அணைங்க” வராததால் நானே அணைத்துவிட்டு டீச்சர் வீட்டுக்கு வந்தேன்.

கொழுந்தன் படியில் உட்கார்ந்திருந்தார். மகன் அவருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான்.

“தம்பி, தப்பு என்னுது” என்றார் கொழுந்தன். “பாகம் பிரிச்சப்போ அந்த வீட்டு ஹீட்டருக்குத் தனியா லைன் இழுக்கணும். அதுக்குச் சுவத்த ஒடைக்கணும். நான் ஒடைக்கல. உங்க மாடிப்படி வயர் போற பைப்லயே அந்த வீட்டு வயரையும் சேத்து இழுத்துட்டேன். ரெண்டு மீட்டர் லைன ஒரே பைப்ல விடவே கூடாது. எனக்கு அப்பவே தெரியும். அழகா முடிச்சுட்டோம்னு இருந்துட்டேன்.”

“அதுக்கும் லைட் எரியறதுக்கும் என்ன அங்கிள்?”

“அங்க ஹீட்டரப் போட்டா, அந்த வயர ஒட்டியே போற உங்க வயர்ல துளியூண்டு கரண்டு தொத்திக்கும். குண்டு பல்புக்கு அது பத்தாது, சும்மா இருக்கும். நீங்க மாட்டுன பல்புக்கு அந்தத் துளியே போதும், மினுக்கும். சத்தம், அந்த வீட்டு வெந்நீர்க் குழாய். நடுச்சுவத்துக்குள்ள போகுது. சூடு ஏறுனா இரும்பு நீளுது, சுவத்துல முட்டுது. அது முன்னாடியும் இருந்திருக்கும், லைட் மினுக்குனப்புறம்தான் காதுல விழுந்திருக்கு. அம்மா எழுதி வச்சிருக்காங்க பாருங்க, அதுல ஒரு வரி தப்பில்ல. எல்லாம் சிஸ்டர் ஷிப்ட் முடிஞ்சு வந்து குளிக்கற நேரம்.”

மகன் பெட்டியைத் திறந்து பதிவேட்டை எடுத்தான். நின்றபடியே முதல் பக்கத்திலிருந்து பார்த்தான். அதை அவன் அதற்குமுன் திறந்ததே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. டீச்சர் விடைத்தாள் திருத்துபவரின் பக்கத்தில் நிற்கும் மாணவியைப் போலச் சும்மா நின்றார்.

கொழுந்தன் பையைத் தலைகீழாகக் கொட்டி உளியைத் தேடி எடுத்தார். இரண்டு வீட்டு மெயினையும் அணைக்கச் சொன்னார். மாடிப்படிச் சுவரை மேலிருந்து கீழ்வரை அவரே உடைத்தார். தெருவே வந்து வேடிக்கை பார்த்தது. சுவரை உடைக்காத பவுடர் சுவரை உடைக்கிறார் என்றால் சும்மாவா? காரைத்தூளில் அவர் தலை வெளுத்துவிட்டது. ஏணியை மகன் பிடித்துக்கொண்டான். ஐந்து மணி வண்டி போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பெட்டிகளைப் பிரித்து, டாக்டருக்குப் போன் செய்து வேண்டாமென்று சொல்லிவிட்டு, மகன் தனியாகக் கிளம்பினான். ஹீட்டருக்குத் தனிப் பைப், தனி வழி ஆயிற்று.

டீச்சர் இன்றைக்கும் அந்த வீட்டில்தான் இருக்கிறார். கொழுந்தன் இன்றைக்கும் வேலைக்குப் போகிறார். அவரைப் பற்றி நான் எழுத நினைத்ததே இதற்காகத்தான். ஒரு மனிதர் ஊரே கொண்டாடிய தன் வேலையைத் தானே தப்பென்று சொல்ல ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. ஏணியைவிட்டு இறங்கினார், சொன்னார்.

இதுவரை எழுதியதை, எதிரே உட்கார்ந்து ஒரு மின்விசிறியைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தவரிடமே வாசித்துக் காட்டினேன். நாற்பத்தேழுக்குச் சிரித்தார். சவரம் செய்துகொண்டிருந்தவருக்கும் சிரித்தார். கடைசி வரிக்குத் திருப்புளியைக் கீழே வைத்தார்.

“அத மட்டும் அடிச்சுடுங்க அண்ணி. யோசிச்சேன். நீங்க பக்கத்து வீட்டுல நின்ன பத்து நிமிஷமும் யோசிச்சேன். என் பையில ஒரு குண்டு பல்பு இருந்துச்சு. ஏணில ஏறி அத மாட்டிட்டேன். மினுக்கறது நின்னுடுச்சு. ‘பல்புதான் கோளாறு, மாத்திட்டேன்’னு சொல்லிட்டு இறங்கிட்டேன். ‘அப்போ சுவத்துல சத்தம்?’னு அந்தத் தம்பி கேட்டுச்சு. சுவரு அப்பவும் டொக்கு டொக்குன்னு அடிச்சுக்கிட்டுதான் இருந்துச்சு, பெட்டி தூக்கற சத்தத்துல தம்பிக்குக் கேக்கல. ‘எனக்கு ஒண்ணும் கேக்கலியே’ன்னேன். டீச்சரம்மா என்ன ஒரு தடவ பாத்தாங்க. அந்த நோட்ட எடுத்துப் பெட்டியில வச்சு மூடுனாங்க. செருப்ப மாட்டுனாங்க. அப்புறம்தான் நான் படியில உக்காந்தது.”