தைராய்டு என்று சொல்லி வைத்திருந்தோம்

மகள் பிறந்த முதல் வாரத்தில் எனக்குத் தூக்கம் தேவைப்படவில்லை. சோர்வும் இல்லை. வெள்ளிமலையில் அது மழைக்காலம், துவைத்த துணி காயாது. ஈரம் போகாத துணிகளையே எடுத்து மறுபடி துவைத்துக்கொண்டிருந்தேன். பொறுப்பான அம்மா என்று பார்க்க வந்தவர்கள் சொன்னார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

பிறகு மூடுபனி குழந்தையின் மூக்குக்குள் போய்விடும் என்று தோன்ற ஆரம்பித்தது. ஜன்னல் இடுக்குகளில் புடவையைக் கிழித்து அடைத்தேன். அது என் கல்யாணப் புடவை என்று என் கணவர் ஆரோக்கியம் சொல்லித்தான் பின்னால் தெரிந்தது. அவர் மலையிலேயே உண்டு உறைவிடப் பள்ளியில் ஆசிரியர். ஏதோ எடுக்க வகுப்பிலிருந்து வீட்டுக்கு வந்தவர், குழந்தையை முகத்தோடு சேர்த்து நான் துணியால் சுற்றியிருந்ததைப் பார்த்தார். அவர் வராமல் இருந்திருந்தால் என்பதை நான் நினைப்பதில்லை. மாத்திரை நினைக்கவிடுவதில்லை.

கள்ளக்குறிச்சியில் சேர்த்தார்கள். பிரசவத்துக்குப் பிந்தைய மனப்பிறழ்வு (குழந்தை பெற்ற சில நாட்களில் சிலருக்கு வரும் கடுமையான மனநோய், சிகிச்சையில் கட்டுப்படக்கூடியது) என்றார்கள். எனக்காக ஆரோக்கியம் கையெழுத்துப் போட்டார். நோயாளியால் முடிவெடுக்க இயலாத நேரத்தில் துணைக்கு ஒருவர் (நியமனப் பிரதிநிதி) இருக்கச் சட்டத்தில் இடம் உண்டு. அவர் போட்டது சரி. அன்றைக்கு என்னிடம் பேனாவைக் கொடுத்திருந்தால் அதையும் ஜன்னல் இடுக்கில்தான் செருகியிருப்பேன்.

நான் குணமானேன். லித்தியம் (மனநிலை தாறுமாறாக ஏறி இறங்காமல் பிடித்து வைக்கும் மாத்திரை) தொடர்ந்தது. ஆனால் முடிவெடுக்கும் உரிமை எனக்கு எப்போது திரும்பி வந்தது என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மகளுக்கு என்ன சட்டை போடுவது என்பதைக்கூட ஆரோக்கியத்திடம் கேட்டுப் போட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார். அது எனக்கு வசதியாகவும் இருந்தது.

வெளியில் தைராய்டு என்று சொல்லி வைத்திருந்தோம். அத்தையின் யோசனை அது. மாமியாரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன். எலவனாசூர்கோட்டையில் அவருடைய மகள் ஒருத்தி கல்யாணத்துக்கு இருந்தாள். அண்ணி மனநோய் மாத்திரை சாப்பிடுகிறாள் என்று தெரிந்தால் வருகிற இடமும் நின்றுவிடும் என்று பயந்தார். சர்ச்சில், பஸ்ஸில், சொந்தத்தில், எல்லா இடத்திலும் எனக்குத் தைராய்டு. சொல்லிச் சொல்லி எனக்கே சில நேரம் கழுத்தைத் தொட்டுப் பார்க்கத் தோன்றும்.

மகள் நடக்க ஆரம்பித்த பிறகு அடிவயிற்றில் வலி வந்தது. சினைப்பையில் நீர்க்கட்டி (நீர் சேர்ந்து பை போல வீங்குவது). முறுக்கிக்கொண்டால் ஆபத்து, தள்ளிப்போடாமல் எடுத்துவிடலாம் என்று கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் சொன்னார்கள். அவர்களுக்கும் எங்கள் தைராய்டுதான் தெரியும். அறுவை சிகிச்சை டாக்டர் படம் வரைந்து எனக்கு விளக்கினார். கையெழுத்தும் நான்தான் போட வேண்டும் என்றார். எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது என்று நினைக்கிறேன்.

அப்போதுதான் அத்தை கேட்டார். "டாக்டரம்மா, வயித்தத் தொறக்கறதுதான் தொறக்கறீங்க, அப்பிடியே கொழந்த இல்லாம இருக்கற ஆபரேஷனும் பண்ணிடுங்க. ஒண்ணே போதும்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் ஆரோக்கியத்தைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். அத்தையும் அவரும் முன்பே பேசி வைத்திருக்கிறார்கள் என்று புரிந்தது.

"நாளைக்கு யோசிச்சிச் சொல்லுங்க" என்றார் டாக்டர்.

மறுநாள் மயக்க மருந்து டாக்டர் பரிசோதனைக்கு வந்தார். "ரெகுலரா இன்னா மாத்திரம்மா சாப்புடறீங்க?"

"தைராய்டுக்குங்க" என்று எனக்கு முன்னால் அத்தை சொன்னார். "சின்ன மாத்திர. காத்தால வெறும் வயித்துல."

நான் கேட்டுக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். லித்தியம் சாப்பிடுகிறவருக்குச் சில வலி மருந்துகளைக் கொடுத்தால், இரத்தத்தில் அதன் அளவு ஏறி நஞ்சாகிவிடலாம். என் மனநல மருத்துவர் ஒவ்வொரு முறையும் சொல்லி அனுப்புவார். சொன்னால் என்ன ஆகும் என்பதும் தெரியும். தைராய்டுக்காரியின் வார்த்தைக்கு இருக்கும் மதிப்பு லித்தியம் சாப்பிடுகிறவளின் வார்த்தைக்கு இருக்காது.

"லித்தியம் சார்" என்றேன். "பிரசவத்துக்கு அப்பறம் மனநோய் வந்தது. தைராய்டு இல்ல."

அத்தை முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். டாக்டர், "நல்லவேள சொன்னீங்க" என்று எழுதிக்கொண்டார்.

மாலையில் அறுவை சிகிச்சை டாக்டர் வந்தார். அதே டாக்டர்தான். கட்டில் பக்கம் வராமல் வாசலில் நின்று ஆரோக்கியத்திடம் பேசினார். "சைக்கியாட்ரி கேஸ்னு முன்னாடியே சொல்ல வேணாமா சார்? இவங்க கையெழுத்த மட்டும் நான் எப்படி நம்பறது? மனநல டாக்டர்கிட்ட லெட்டர் வாங்கிட்டு வாங்க. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு நீங்களும் சைன் பண்ணணும்." நான் எழுந்து உட்கார்ந்துதான் இருந்தேன். நேற்று வரைந்து காட்டிய படம் என் தலையணைக்கு அடியில் இருந்தது.

அவர் போனதும், "எனக்கு அந்த ஆபரேஷன் வேணாங்க" என்றேன்.

"படிச்ச பொண்ணு" என்றார் அத்தை. "டாக்டருக்கே பாடம் எடுத்துக்கினு கீறா. இன்னாத்துக்கு வேணாம்? இன்னொண்ணு பெத்துக்கினு மறுபடி புடவையக் கிழிக்கவா?"

ஆரோக்கியம் சத்தம் போடவில்லை. "அன்னிக்கு நடந்தத நீ பாக்கல ஸ்டெல்லா. நான்தான் பாத்தேன்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நீ முழுசா நல்லா இருந்தா இதுக்கு ஒத்துக்கினு இருப்ப" என்றார்.

இதைப் படிக்கிறவர்களில் சிலர் இந்த வாக்கியத்தை வேறு வேறு சொற்களில் கேட்டிருப்பீர்கள். சரி என்றால் நமக்குக் குணமாகிவிட்டது. வேண்டாம் என்றால் நோய் மிச்சம் இருக்கிறது. அவர் சொன்னபோது எனக்குக் கோபம் வரவில்லை. ஒருவேளை அவர் சொல்வது உண்மையோ என்றுதான் பார்த்தேன். எனக்கு இன்னொரு குழந்தை வேண்டும் என்ற ஆசைகூட இல்லை. ஆசை இல்லாமல் வேண்டாம் என்பவள் எப்படித் தெளிவானவள்? பதில் கிடைக்கவில்லை. ஆனாலும் வேண்டாம் என்பது அப்படியே இருந்தது.

அரசு மருத்துவமனையில் என்னைப் பார்க்கும் மனநல மருத்துவரிடம் போனோம். அறைக்குள் நுழைந்ததும், "இவர் உள்ள இருக்கலாமா ஸ்டெல்லா? நீதான் சொல்லணும்" என்றார். இருக்கட்டும் என்றேன். தைராய்டு கதையைக் கேட்டுச் சிரித்தார். "இந்த ஓ.பி.ல உக்காந்து கீறவங்கள்ல முக்காவாசிப் பேருக்கு அவங்க ஊர்ல தைராய்டுதான். தைராய்டு டாக்டருக்குக் கூட்டம் கம்மி."

பிறகு கேட்டார். என்ன அறுவை சிகிச்சை, ஏன், செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதை என் வாயால் சொல்லச் சொன்னார். சொன்னேன். கருத்தடை அறுவை செய்தால் பிறகு மாற்றுவது கடினம் என்றேன். இன்னொரு பிரசவம் ஆனால் நோய் திரும்ப வர அதிக வாய்ப்பு இருக்கிறது என்பதையும் நானே சொன்னேன்.

"அது தெரிஞ்சும் வேணாங்கறியா?"

"காப்பர்-டி (கருப்பையில் வைக்கும் கருத்தடைச் சாதனம்) வெச்சுக்கறேன் மேடம். அத எப்ப வேணா எடுத்துடலாம். இத எடுக்க முடியாது. எனக்கு இப்ப எதுவும் தோண மாட்டேங்குது. தோணாத நேரத்துல முடிஞ்சு போற மாதிரி ஒண்ணு வேணாம்."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். ஆரோக்கியம் தொண்டையைச் செருமினார். "அவ சொல்றது தப்பான முடிவுன்னு எனக்குப் படுது மேடம்."

"இருக்கலாம் சார். ஆனா உங்களுக்குத் தப்பாப் படறதால மட்டும் இவங்களுக்கு முடிவெடுக்கத் தெரியலைன்னு ஆகாது. சட்டமே அப்படித்தான் சொல்லுது. புரிஞ்சுக்கறாங்க, பின்னால இன்னா ஆகும்னு எடைபோடறாங்க, சொல்றாங்க. வேற இன்னா வேணும்? நோய் இருக்கறதும் முடிவெடுக்க முடியாததும் வேற வேற. நாளைக்கு முடியாமப் போனா, அன்னிக்கு நீங்க பேசுங்க."

"அன்னிக்கு நான் வூட்ல இல்லன்னா?" என்றார் ஆரோக்கியம். அவர் குரல் உடைந்ததை அன்றுதான் கேட்டேன். அந்தக் கேள்விக்கு எந்தச் சட்டத்திலும் பதில் இருக்கும் என்று நானும் நினைக்கவில்லை. நான் அவர் கையைப் பிடித்திருக்க வேண்டும். பிடிக்க வேண்டும் என்று தெரிந்தது. கை எழவில்லை.

கடிதத்தோடு திரும்பினோம். என் கையெழுத்தில் கட்டியை மட்டும் எடுத்தார்கள். மயக்கம் தெளிந்ததும் நான் கேட்டதெல்லாம், "என்ன பண்ணீங்க?" என்பதுதான். "கட்டிதாம்மா எடுத்தது" என்றார் நர்ஸ். நம்பிக்கை வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டேன். அறுவை சிகிச்சைக் குறிப்பின் நகல் கேட்கலாம், அது நோயாளியின் உரிமை என்று படித்திருந்தேன். கேட்டு வாங்கினேன். அதில் கட்டியை எடுத்தது மட்டும்தான் எழுதியிருந்தது. படித்த பிறகும் வயிற்றில் கட்டுப் போட்ட இடங்களை விரலால் தொட்டுக்கொண்டிருந்தேன். சொல்லிவிட்டுச் செய்தார்களா, சொல்லாமல் செய்தார்களா என்பது ஒரு உடம்புக்கு உள்ளிருந்து தெரியாது. இதை நான் அதற்கு முன் யோசித்ததில்லை.

மயக்க மருந்தின் மிச்சம் போகப் போக வலி ஏறியது. பக்கத்துக் கட்டில்களில் ஆட்கள் இருந்தார்கள். அத்தை என் தலைமாட்டில் ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தார். பணி மாறி வந்த வேறொரு நர்ஸ் ஊசியோடு வந்து ஆரோக்கியத்திடம், "சார், வலிக்கு ஒண்ணு போட்டுடட்டா?" என்றார்.

அவர் தலையாட்டத் தொடங்கினார். பாதியில் நிறுத்தி, "அவங்கள கேளுங்க சிஸ்டர்" என்றார்.

என் நாக்கு உலர்ந்திருந்தது. சொல் வர நேரம் பிடித்தது. நோய்க்குப் பிறகு எனக்கு எல்லாமே இப்படித்தான். ஒரு கேள்விக்கும் என் பதிலுக்கும் நடுவில் ஒரு இடைவெளி விழுகிறது, அதற்குள் யாராவது எனக்காகச் சொல்லி முடித்துவிடுவார்கள். நர்ஸ் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி நின்றார். அத்தை எதையோ சொல்ல வாயெடுத்தார். ஆரோக்கியம் அவர் முழங்கையைத் தொட்டார்.

"இன்னா ஊசி சிஸ்டர்?" என்றேன். "நான் லித்தியம் சாப்புடறேன்."

அந்த அறையில் எல்லாருக்கும் கேட்டது. நர்ஸ் மருந்துப் பெயரைப் பார்த்துவிட்டு, டாக்டரிடம் கேட்டு வருவதாகத் திரும்பிப் போனார். அவர் வரும்வரை வலித்தது. நான் அவசரப்படவில்லை.