ஹீட்டர் தண்ணீர்

பச்சைத்தண்ணீர்க் குழாயைத் திறந்ததும் கை சுட்டது. ஷார்ஜாவில் கோடை வந்தால் மொட்டைமாடித் தொட்டியே கொதிக்கும். வீட்டுக்குள் இருக்கும் ஹீட்டரை அணைத்துவிட்டு, அதில் ஆறிய தண்ணீரைத்தான் புழங்குவோம்.

தம்பி கைக்குழந்தையாக இருந்தபோதே அம்மா மறுபடி வேலைக்குப் போனாள். நைட் டூட்டி பார்த்துவந்த அப்பாதான் பகலில் அவனையும் பால்கனிக் கறிவேப்பிலையையும் கவனித்தார். ஒருநாள் அம்மா திரும்பி வந்தபோது செடி வெந்து துவண்டு கிடந்தது.

"தூக்கக் கலக்கத்துல பச்சத்தண்ணிக் குழாயத் திறந்து ஊத்திட்டேன்" என்றார் அப்பா.

அம்மா கைப்பையோடு தொட்டிலுக்கு ஓடினாள். தம்பியின் சட்டையைக் கழற்றி முதுகைத் தடவிப் பார்த்தாள்; எங்கும் சிவக்கவில்லை. "இவன எந்தத் தண்ணில குளிப்பாட்டுனீங்க?"

"ஹீட்டர்லதான்" என்ற அப்பாவின் முகம் செத்துப்போயிருந்தது.

இப்போது நாளையோடு எனக்குப் பிரசவ லீவு முடிகிறது. மகளைத் தூக்கி வைத்திருந்த கணவரிடம், "எந்தக் குழாய்னு தெரியும்ல?" என்றேன்.

அவருக்கும் அதே முகம்.