தனசேகரன் யாரையும் கைது செய்ததில்லை

பிடியாணை என்பது ஒருவரைக் கைது செய்யும்படி நீதிமன்றம் பிறப்பிக்கும் உத்தரவு. இதை அறிய இலக்கணம் பயின்றிருக்க வேண்டியதில்லை. நாளிதழைப் புரட்டுகிற எவருக்கும் தெரியும். சிங்கப்பூரின் தோ பாயோவில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இயங்கும் கைகோப்பு நற்பணி மன்றத்துக்கு மட்டும் தெரியவில்லை. தெரியாமற்போனதைக்கூட மன்னிக்கலாம். தெரியாததை அலுமினியப் பலகையில் அச்சிட்டு, மூலைக்கு மூலை திருகாணி முடுக்கிச் சுவரில் பொருத்திவிட்டு, தமிழை யார் படிக்கப்போகிறார்கள் என்று கேட்டார்களே, அதைத்தான் மன்னிக்க இயலவில்லை.

பலகையில் இருந்த வாசகம் இது: "முதல் பிடியாணை அதிகாரி தனசேகரன், தரகு பெறாத அதிகாரியாக நெடுங்காலம் சேவையாற்றியவர்."

தனசேகரன் யாரையும் கைது செய்தவர் அல்லர். தரகுத் தொழிலோடும் அவருக்குத் தொடர்பில்லை. தோ பாயோவில் பிறந்து வளர்ந்து, கட்டாயப் படைப்பயிற்சியான தேசிய சேவைக்குப் போன இடத்திலேயே முழுநேரச் சிப்பாயாகத் தங்கி, இராணுவத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து, முதல்நிலை வாரண்ட் ஆபிசராக ஓய்வு பெற்றவர். இப்போது மார்சிலிங்கில் மனைவி கமலத்துடன் வசிக்கிறார்.

படையில் மேலேற இரண்டு வழிகள் உண்டு. அதிகாரிப் பயிற்சி முடித்து, அரசின் நியமன ஆணையைப் பெற்று, நேரே லெப்டினன்டாக நுழைவது ஒன்று. அந்த நியமன ஆணைக்குத்தான் ஆங்கிலத்தில் கமிஷன் என்று பெயர்; தரகுக்கும் அதே சொல்தான். மற்றது அந்த ஆணை இல்லாமல் அடியிலிருந்து ஏறுவது: கார்ப்பரல், சார்ஜன்ட், ஸ்டாஃப் சார்ஜன்ட், மாஸ்டர் சார்ஜன்ட் என்று ஒவ்வொரு படியாக. கீழ்நோக்கிய அம்புமுனைபோன்ற பட்டைகள் மூன்று சேர்ந்தால் சார்ஜன்ட். அதற்கு மேல் பட்டைகள் கூடிக்கொண்டே போய், வாரண்ட் ஆபிசர் ஆகும்போது நாட்டின் அரசுச் சின்னம் வந்து அமர்கிறது. அந்தச் சின்னத்தை அணிந்தவருக்குச் சிப்பாய்கள் சல்யூட் அடிப்பதில்லை. அது அதிகாரிகளுக்கு உரியது. அவரை 'சார்' என்று அழைப்பதும் இல்லை. 'என்சிக்' என்பார்கள். மலாய் மொழியில் 'திரு' என்று பொருள்படும் எளிய சொல்தான். ஆனால் சிங்கப்பூர்ப் படைமுகாமில் அந்தச் சொல்லைக் கேட்டதும் சீனப் பிள்ளையும் மலாய்ப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் ஒரே நொடியில் முதுகை நிமிர்த்துவார்கள்.

இந்தப் படிகள் ஒவ்வொன்றையும் கமலம் தம் விரலால் அறிந்தவர். மன்னார்குடியிலிருந்து மணமாகி வந்த புதிதில் அவருக்கு ஆங்கிலம் வராது. கணவர் முகாமில் என்ன செய்கிறார் என்பதும் விளங்காது. அக்காலத்தில் பட்டைகளைச் சட்டைக் கையில் வைத்துத் தைக்கவேண்டும். பதவி உயர்வு வந்ததென்றால், பழைய பட்டையின் நூலைப் பிரித்துப் புதியதைத் தைத்து, கஞ்சி போட்டு, மடிப்பு விறைத்து நிற்கும்படி தேய்த்துக் கொடுப்பார். பிற்காலத்தில் சின்னத்தைச் செருகிக்கொள்ளும் சட்டை வந்தது. அதன் பிறகும் அரசுச் சின்னம் கோணாமல் இருக்கிறதா என்று வாசலில் நிறுத்திப் பார்த்துத்தான் அனுப்புவார். இன்றும் அவர் சரளமாகப் படிப்பது தமிழ் ஒன்றையே.

ஆகவே, பலகையை முதலில் படித்தவரும் அவரே.

நற்பணி மன்றம் 'காத்து நின்றவர்கள்' என்ற தலைப்பில் ஒரு சுவரை ஒதுக்கியிருந்தது. அந்த வட்டாரத்தில் வளர்ந்து படையில் பணியாற்றிய ஒருவரை ஆண்டுதோறும் சிறப்பிப்பது திட்டம். முதல் ஆண்டுக்குத் தனசேகரனைத் தேர்ந்தெடுத்தார்கள். அவருடைய சீருடைப் படம். அதன் கீழே ஆங்கிலம், மலாய், சீனம், தமிழ் என நான்கு பலகைகள். திறப்பு விழாவுக்கு முந்தைய ஞாயிறன்று, வந்து பாருங்கள் என்று மன்றத்தின் செயலாளர் இளமாறன் இருவரையும் அழைத்திருந்தார்.

கமலம் நின்று நிதானமாகப் படித்தார். பிறகு கணவரைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏங்க, நீங்க யாரைப் புடிச்சு உள்ள போட்டீங்க?"

தனசேகரன் படித்தார். முதலில் சிரிப்புத்தான் வந்தது. மனைவியின் முகத்தைப் பார்த்ததும் அது அடங்கிவிட்டது. "நான் தைச்சது இது இல்லையே" என்று கமலம் மெல்லச் சொன்னார். 

இளமாறன் முப்பது வயதைத் தாண்டாதவர், நன்கு படித்தவர், பள்ளியில் தமிழும் பயின்றவர்தாம். பிழையை எடுத்துக் காட்டியபோது அவர் மறுக்கவில்லை. கணினியில் போட்டு மொழிபெயர்த்ததில் 'வாரண்ட்' பிடியாணை ஆகிவிட்டதாகவும், நேரம் போதவில்லை என்றும் சொன்னார். மலாய்ப் பலகையை ஒருவர் சரிபார்த்தாராம். சீனப் பலகையை ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வரிவரியாகத் திருத்திக் கொடுத்தாராம். தமிழுக்கு யார் என்று தனசேகரன் கேட்டார். தமிழ்ப் பிரிவுக்குத் தாமே பொறுப்பு என்று இளமாறன் சற்றே தயங்கிச் சொன்னார்.

"படிச்சுப் பாத்தியா தம்பி?"

"ஃபோட்டோ, லேஅவுட் எல்லாம் செக் பண்ணேன் அங்கிள். தமிழ் போர்டை யாரு வந்து ரீட் பண்ணப் போறாங்க? சும்மா, நாலு லாங்குவேஜும் இருக்கணும்ல."

நாலு மொழியும் இருக்கவேண்டும் என்பதற்காக இருக்கிற மொழி! வீட்டு விசேஷத்தில் பந்திக்கு அழைக்க மாட்டோம், புகைப்படத்தில் மட்டும் வந்து நில் என்பதுபோல. தனசேகரனின் சினம் அங்கே தொடங்கியது. வாரண்ட் ஆபிசர்கள் பொதுவாகக் குரலை உயர்த்திப் பழகியவர்கள். அவரோ அன்று குரலைத் தாழ்த்தினார். விழாவுக்குமுன் திருத்திவிடு என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார்.

செய்தி, தமிழர் கடைகள் நிறைந்த தேக்காவுக்கு முந்திக்கொண்டு போயிருந்தது. டன்லப் தெருவில் பயணப்பெட்டிக் கடை வைத்திருக்கும் காதர் மைதீனும் தனசேகரனும் ஒரே நாளில் தேசிய சேவையில் சேர்ந்து, ஒரே அறையில் அடுத்தடுத்த கட்டிலில் படுத்தவர்கள். சேவை முடிந்ததும் காதர் மைதீன் தகப்பனாரின் கடைக்குத் திரும்பிவிட்டார். மறுநாள் கடைக்குள் நண்பர் நுழைந்ததுமே அவர் தொடங்கிவிட்டார்.

"கமிஷன் வாங்காத ஆபிசர்னு போர்டே வெச்சுட்டாங்களாமே சேகரு. தேக்காவுல அப்படி ஒரு ஆளைப் பாக்குறதே கஷ்டம் லா. கடை வாசல்ல வந்து நில்லு, ஜனங்க பாக்கட்டும்."

தனசேகரன் சிரிக்கவில்லை. அதைக் கண்டு காதர் மைதீனும் நிறுத்திக்கொண்டு, நாற்காலியை இழுத்துப் போட்டார்.

இரண்டு நாள் கழித்து இளமாறன் தொலைபேசியில் அழைத்தார். குரலில் உற்சாகம். சிக்கல் தீர்ந்தது என்றார். பிடியாணை, தரகு இரண்டையும் மறைத்து மேலே ஓர் ஒட்டுத்தாள் ஒட்டப்போகிறார்களாம். அதில் 'இராணுவ உயரதிகாரி தனசேகரன்' என்று இருக்குமாம். முன்னதைவிட இது கௌரவமாக இருக்கும் அல்லவா என்று கேட்டார்.

"நான் ஆபிசர் இல்ல தம்பி."

"வாரண்ட் ஆபிசர்லயும் ஆபிசர்னு வருதே அங்கிள்?"

"வருது. ஆனா வாரண்ட் ஆபிசர் வேற, ஆபிசர் வேற. எனக்குச் சல்யூட் கிடையாது. எனக்கு இல்லாததை நீ எனக்குக் குடுக்காதே. இருக்கிறதை எழுது."

முதற்பிழையை அறியாமை என்று கொள்ளலாம். இரண்டாவது பிழை தெரிந்தே செய்ய முனைந்தது. அதனால் அது அவரை அதிகமாகச் சுட்டது. அவர் ஏறிவந்த படிகளையெல்லாம் ஓர் ஒட்டுத்தாளின் கீழ் மறைத்துவிட்டு, ஏறாத மாடியில் அவரை உட்காரவைப்பது கௌரவம் ஆகுமா? அதிகாரி ஆகாததை அவர் ஒருநாளும் குறையாக எண்ணியதில்லை. புதிதாக வந்த இளம் லெப்டினன்டுகள்கூட ஐயம் வந்தால் "என்சிக், என்ன செய்யலாம்?" என்று அவரிடம்தான் கேட்டார்கள். 'வாரண்ட் ஆபிசர்' என்றே தமிழ் எழுத்தில் எழுதிவிடும்படி சொன்னார். அது தமிழ் இல்லையே, பலகையில் நல்ல தமிழ்தான் இருக்கவேண்டும் என்று குழுவில் சொல்கிறார்கள் என்றார் இளமாறன். படித்தும் பார்க்காதவர்களுக்கு நல்ல தமிழின்மேல் இவ்வளவு அக்கறை! ஒட்டுத்தாள் வேண்டாம், திருத்துவதானால் ஒழுங்காகத் திருத்து என்று சொல்லித் தனசேகரன் பேச்சை முடித்தார்.

காதர் மைதீன் இதைக் கேட்டு, "சும்மா வர்ற புரமோஷன்தானே லா, வாங்கிக்க" என்றார். பின்னர் அவரே தலையை அசைத்து, அது கூடாது என்றார்.

விழா நாள் வந்தது. பலகை மாறவில்லை. சிறப்பு விருந்தினர் வர இன்னும் சற்று நேரம் இருந்தது. தனசேகரன் தம் நீளக்கைச் சட்டையின் மடிப்பைச் சரிசெய்துகொண்டு, சுவரை நோக்கி நடந்து, தமிழ்ப் பலகைக்கு முன்னால் போய் முதுகு காட்டி நின்றார். கால்களை அகற்றி, கைகளைப் பின்னால் கோத்து, மார்பை நிமிர்த்தி, பார்வையை நேரே செலுத்தி நின்றார். அணிவகுப்புத் திடலில் வெயிலென்றும் மழையென்றும் பாராமல் மணிக்கணக்கில் நின்று பழகிய உடம்பு. அவருடைய அகன்ற முதுகுக்குப் பின்னால் ஓர் எழுத்துக்கூடத் தெரியவில்லை.

புகைப்படக்காரர் சற்று விலகச் சொன்னார். தனசேகரன் அசையவில்லை. இளமாறன் அருகில் வந்து காதோடு கெஞ்சினார். தனசேகரனின் பார்வை நேரேயே இருந்தது. விருந்தினர் வந்தார்; கைகுலுக்கினார்; இவ்வளவு கம்பீரமாக நிற்கிறாரே என்று ஆங்கிலத்தில் பாராட்டினார். படங்கள் எடுக்கப்பட்டன. எதற்காக நிற்கிறீர்கள் என்று அந்தப் பெருங்கூட்டத்தில் ஒருவரும் கேட்கவில்லை. எல்லாரும் அதை மரியாதை என்றே எடுத்துக்கொண்டார்கள். கமலம் மட்டும் முன்வரிசையில் அமர்ந்து, கணவரின் முதுகுக்குப் பின்னால் இருப்பதையே பார்ப்பவர்போல இமைக்காமல் இருந்தார்.

அடுத்த ஞாயிறு இருவரும் மீண்டும் போனார்கள். மன்றம் திருத்தம் செய்திருந்தது. திருத்தம் என்றால் இப்படி: ஆங்கிலப் பலகை இருந்தது. மலாய்ப் பலகை இருந்தது. சீனப் பலகை இருந்தது. நான்காவது இடத்தில் திருகாணித் துளைகளும், சுற்றிலும் உள்ள சுவரைவிடச் சற்று வெளுத்த ஒரு நீள்சதுரமும் இருந்தன. தமிழைத் தவறாக எழுதியதற்குக் கண்ட பரிகாரம், தமிழையே கழற்றிவிடுவது! பல் வலிக்கிறது என்று போனவரின் தலையையே எடுத்துவிட்ட வைத்தியம்.

"தப்பைத்தானே எடுக்கச் சொன்னோம்? நம்மையே எடுத்துட்டாங்களே" என்றார் கமலம்.

தனசேகரன் அந்த வெளுத்த நீள்சதுரத்துக்கு முன்னால் போய் நின்றார். அதே நிலை, அதே நேர்ப்பார்வை. பூப்பந்து ஆட வந்தவர்கள் பார்த்தார்கள். யோகா வகுப்புக்கு வந்த பெண்கள் பார்த்தார்கள். மலாய் முதியவர் ஒருவர் அருகில் வந்து விசாரித்தார். அவரும் ஒரு காலத்தில் படையில் கார்ப்பரலாக இருந்தவராம். தனசேகரன் காரணத்தைச் சொன்னதும் அவர் சுவரைப் பார்த்தார், துளைகளைப் பார்த்தார், "இது சரியில்லை, என்சிக்" என்று மலாயில் சொல்லிவிட்டு, நேரே மன்ற அலுவலகத்துக்குள் போனார். அங்கே அவர் பேசியது வெளியே நின்றவர்களுக்கெல்லாம் கேட்டது.

மறு ஞாயிறும் தனசேகரன் வந்து நின்றார். காதர் மைதீனும் கடையைப் பேரனிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். முழங்கால் வலி அவரை நிற்கவிடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, போவோர் வருவோரிடமெல்லாம் விவரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்பவர் கூடக் கூடக் கதையும் வளர்ந்துகொண்டே போனது. அன்றுதான் இளமாறன் அலுவலகத்திலிருந்து வெளியே வந்தார்.

மன்றத்தில் எல்லாரும் பேசத் தொடங்கிவிட்டார்கள், இப்படி நிற்பது சங்கடமாக இருக்கிறது, எதற்காக அங்கிள் இதெல்லாம் என்று அவர் கேட்டார்.

தனசேகரன் பார்வையைத் திருப்பாமலே பேசினார்.

"சுவர்ல நீங்கதானே எழுதியிருக்கீங்க, காத்து நின்றவர்கள்னு. காத்து நிக்கிறேன்." பிறகு கேட்டார்: "நீ தேசிய சேவை செஞ்சவன்தானே?"

"ஆமா."

"உன் கம்பெனி சார்ஜன்ட் மேஜர் யாரு?"

இளமாறன் ஒரு சீனப் பெயரைச் சொன்னார். அவரும் ஒரு வாரண்ட் ஆபிசர்தான்.

"அவர்கிட்டப் போயி, நீங்க யாரை அரெஸ்ட் பண்ணுவீங்கன்னு கேட்டிருக்கியா? அவரை அங்கிள்னு கூப்பிட்டிருக்கியா?"

 இரண்டு ஆண்டுகள், காலை எழுந்தது முதல் படுக்கப்போகும்வரை, 'என்சிக்' என்ற அந்த ஒரு சொல்லை இளமாறன் எத்தனை முறை சொல்லியிருப்பார்! பிடியாணை என்ற சொல் கணினித் திரையில் வந்தபோது, இது நம் என்சிக் அல்லவே என்று ஒரு கணம் தோன்றியிருந்தால் போதும். அறியாமையால் நேர்ந்ததன்று இது. தமிழ்ப் பலகையைத் தமிழர் ஒருவர் படிக்கக்கூடும் என்ற எண்ணமே அவருக்கு வராமற்போனதால் நேர்ந்தது. அதை எந்த அகராதியும் திருத்தாது.

அவர் தலை குனிந்திருந்தது.  பிறகு அவர் கால்களைச் சேர்த்து நின்றார். அவர் அறிந்து செய்ததன்று. உடம்பு மறக்காமல் வைத்திருந்த பழக்கம்.

"என்சிக், எப்படி எழுதணும்னு சொல்லுங்க."

தனசேகரன் முதல் முறையாகச் சுவரைவிட்டு விலகி வந்தார். முகத்தில் கடுகடுப்பு அப்படியேதான் இருந்தது.

"இதைப் பலகை அடிக்கிறதுக்கு முன்னாடி கேட்டிருக்கணும்" என்றார். பிறகு மனைவி பக்கம் கையைக் காட்டினார். "இப்ப அவங்களைக் கேளு. எழுதினதும் அவங்க படிச்சுப் பாத்துச் சொல்லணும். அதுக்கப்புறம்தான் சுவர்ல ஏறணும்."

புதிய பலகை இப்போது அங்கே இருக்கிறது: "முதல்நிலை வாரண்ட் ஆபிசர் தனசேகரன். சிப்பாயாகச் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்தவர். படையினர் இவரை 'என்சிக்' என்று அழைத்தனர்." அதைப் பொருத்திய அன்று கமலம் சற்றுத் தள்ளி நின்று பார்த்துவிட்டு, இடப்பக்கம் தாழ்ந்திருக்கிறது என்றார். இளமாறன் திருகாணிகளைக் கழற்றி மறுபடியும் முடுக்கினார்.