சொட்டு அக்காவும் காவிரித் தண்ணீரும்

ஒழுகும் குழாயைக் கண்டால் எல்லோரும் பிளம்பரைக் கூப்பிடுவார்கள். ஆரிஃபா அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு அதன் எதிரே உட்காருவார். திருவானைக்காவலில் எங்கள் அடுக்குமாடியில் அவருக்குச் 'சொட்டு அக்கா' என்று பெயர். வைத்தது யார் என்று கேட்காதீர்கள்.

அக்கா பிறந்தது பாலக்கரையில். தன் கல்யாணத்தன்று மண்டபத்தில் கை கழுவப் போனவர், அங்கே குழாய் சொட்டுவதைப் பார்த்து அப்படியே நின்றுவிட, பெண்ணைக் காணோம் என்று ஊரே தேடியதாம். துபாயிலிருக்கும் கணவர் வீடியோ காலில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்.

இப்போது கல்லூரியில் ஆராய்ச்சி. சீப்பைத் தலையில் தேய்த்தால் காகிதத் துணுக்கு ஒட்டுகிறதே, அந்த மின்சாரம்தான் அக்காவின் பிழைப்பு. சீப்புக்குப் பதில் தண்ணீர், அவ்வளவுதான். நான்ஸ்டிக் தவாவில் பூசுகிற டெஃப்லானை ஒரு தகட்டில் ஒட்டியிருக்கிறார். அதன்மேல் சொட்டு விழுந்து வழிந்தால் குட்டி விளக்குகள் மினுக்கும்.

அந்தத் தகட்டை மொட்டைமாடி மழைக்குழாய்க்கு அடியில் மாட்டி, வருகிற ஐப்பசி மழையில் அளந்தால்தான் ஆராய்ச்சி முடியும். விட்டால் இன்னொரு வருஷம். அனுமதி தர வேண்டியவர் குடியிருப்போர் சங்கச் செயலாளர் பீமராவ் சார்.

"முதல்ல வெளக்கு எரிஞ்சு காட்டட்டும்மா" என்றுவிட்டார் அவர்.

ஞாயிற்றுக்கிழமை பார்க்கிங்கில் கூட்டம். பீமராவ் சாரே ஒரு குடம் பிடித்து வந்தார். "சுத்தமான காவிரித் தண்ணி. நம்ம ஃப்ளாட்டுக்குப் பெருமையே அதான்!"

அக்கா சொட்டுச் சொட்டாக விட்டார். ஒரு விளக்கும் கண் திறக்கவில்லை.

"என்னம்மா, இங்கயும் பவர் கட்டா?" என்றார் பீமராவ் சார். எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் பலமாக. அக்காவின் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

அக்கா தகட்டைத் துடைத்தார். சுவரோரம் எங்கள் வீட்டு ஏசிக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அதன் அடியில் பிடித்தார்.

டப். ஏழு விளக்கும் மினுக்கின. மறுபடி டப். மறுபடி ஏழு.

"ரெண்டும் தண்ணிதானேக்கா?" என்றேன்.

"ஏசித் தண்ணில உப்பு கெடையாதுடா. உப்பு சேந்தா கரண்ட் படுத்துரும்." சொல்லிக்கொண்டே குடத்துத் தண்ணீரை நாக்கில் வைத்தார். "சார்... இது காவிரிங்களா?"

எல்லோர் தலையும் பீமராவ் சார் பக்கம் திரும்பியது.

"கோடைக்குக் கொஞ்சம் போர் தண்ணி கலக்குறதுதாம்மா..."

"இப்ப புரட்டாசிங்க!" என்றாள் என் அம்மா. "அதான் எங்க வீட்ல பருப்பே வேகலையா!"

பீமராவ் சார் அக்காவின் அருகில் போய்க் குரலைத் தாழ்த்தினார். "மழைக்குழாய்தானேம்மா? இன்னிக்கே மாட்டிக்க. அந்தத் தகட்ட மட்டும் இனிமே தண்ணிக் குழாய்ப் பக்கம் கொண்டாராத."

ஐப்பசி பிறந்துவிட்டது. மழையைத்தான் காணோம். "இன்ஷா அல்லாஹ், நாளைக்குப் பெய்யும்" என்று அக்கா தினமும் வானத்தைப் பார்க்கிறார். அதுவரை தகடு எங்கள் ஏசிக் குழாய்க்கு அடியில். ஏழு குட்டி விளக்கு மினுக்க ஒன்றரை டன் ஏசி ஓடுகிறது.

பகலெல்லாம் ஆளில்லாத அறையில் ஏசியைப் போட்டுவிட்டுப் போவது யார் என்று அம்மா துப்பறிந்துகொண்டிருக்கிறாள். நானும் கூடவே தேடுகிறேன்.