ஆம்பூரில் ஒரு ஹவுஸ்ஃபுல் மேட்னி

பட விநியோகக் கம்பெனியில் ரெப் வேலை என்றால் ஏதோ சினிமாக்காரன் என்று நினைத்துவிடாதீர்கள். படப்பெட்டியோடு ஊர் ஊராகப் போய், தியேட்டர்காரர் டிக்கெட் கணக்கில் கை வைக்காமல் பார்த்துக்கொள்ளும் காவல்காரன் அவன். அதனால் தியேட்டரில் ஒருவரும் அவனோடு ஒட்டமாட்டார்கள். எங்கள் முதலாளியும், "அவங்க குடுக்கிற டீயைக்கூடத் தொடாதே" என்று சொல்லித்தான் அனுப்பினார். லாட்ஜ், தியேட்டர், மறுபடி லாட்ஜ். போஸ்டரோடு பேசாத குறைதான்.

எழுபதுகளின் கடைசியில் ஆம்பூருக்குப் போனேன். எனக்கு அதுதான் முதல் படம். எதிர்த் தியேட்டரிலும் அதே வாரம் ஒரு புதுப்படம். மூன்று நாளாக அங்கே கூட்டம், எங்களிடம் ஈ ஓட்டினார்கள். வியாழக்கிழமை மெட்ராஸிலிருந்து முதலாளி டிரங்க் கால் போட்டார்.

"நாளைக்கு மேட்னி டிக்கெட் மொத்தத்தையும் நீயே வாங்கிடு. அந்தப் பணத்தைத் தியேட்டர்காரங்க நம்ம ஷேர்ல கழிச்சுக்கட்டும். வேலை நாள், எப்படியும் காலியாத்தான் கெடக்கும். ஹவுஸ்ஃபுல் போர்டைப் பார்த்தா ஞாயித்துக்கிழமை ஊரே வரும். படம் படுத்துச்சுன்னா பெட்டியோட நீயும் வந்துடு, வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

வெள்ளிக்கிழமை கவுண்டர் திறக்கும் முன்பே அத்தனை டிக்கெட்டையும் வாங்கினேன். தியேட்டர் ஆட்கள் பிளாக்கில் விற்றுவிடுவார்களோ என்ற சந்தேகத்தில் எல்லாவற்றையும் என் கையாலேயே கிழித்துப் போட்டேன். போர்டு மாட்டினார்கள்.

இரண்டு மணிக்கு வாசலில் ஒரே சத்தம். எட்டிப் பார்த்தால் தெரு கொள்ளாத கூட்டம். போர்டைப் பார்த்துவிட்டு முணுமுணுத்துக்கொண்டே எல்லோரும் எதிர்த் தியேட்டருக்கு நடந்தார்கள்.

"என்ன பாய் இது, வேலை நாள்ல?" என்று மேனேஜரைக் கேட்டேன்.

"இன்னா சார், வெள்ளிக்கிழமை இங்க தோல் பதனிடுற டேனரி எல்லாம் லீவாச்சே. ஜும்மா தொழுகை முடிஞ்சா இந்த மேட்னிக்குத்தான் கூட்டம் ஜாஸ்தி."

"முன்னாடியே சொல்லக்கூடாதா?"

"எங்க சார் சொல்றது? மூணு நாளா நான் குட்மார்னிங் சொன்னாக்கூட நீங்க டிக்கெட் கட்டைத்தான் பார்த்துனு இருந்தீங்க."

டிக்கெட் விற்ற காட்சி என்பதால் படத்தை ஓட்டினார்கள். நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். இடைவேளையில் முறுக்குத் தட்டோடு வந்தவர் ஹாலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பிப் போனார். அன்றைக்கு அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமையும் கூட்டம் வரவில்லை, திங்கட்கிழமை படத்தைத் தூக்கினார்கள். என் வேலையும் கூடவே போனது. பிறகு வேறு கம்பெனியில் இருபது வருஷம் ரெப்பாக இருந்தேன். எந்த ஊரில் பெட்டியை இறக்கினாலும் முதலில் மேனேஜரோடு ஒரு டீ குடிப்பேன், இங்கே லீவு நாள் எது என்று கேட்பேன். இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வதும் அவ்வளவுதான்.

அந்த மேட்னிக்கு நான் அனுப்பிய ரிப்போர்ட்டில் ஹவுஸ்ஃபுல் என்றுதான் இருக்கும். ஹாலில் நான் ஒருத்தன்தான் இருந்தேன் என்று எழுத அதில் கட்டம் இல்லை.